ஏ.எம்.எச் குறைவு, ‘வளர்ச்சிக் காரணி’ ஊசி: சூலகத்துக்குள் உண்மையில் என்ன நடக்கிறது?

கடலோர_வீடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் இருக்கிறேன், வயது 36. பிள்ளைக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், ஒரு வருடம் தாண்டிவிட்டது, இன்னும் சரிவரவில்லை. போன மாதம் ஏ.எம்.எச் (முட்டை இருப்பை ஊகிக்க அளக்கிற ஓமோன்) இரத்தப் பரிசோதனை செய்ததில் 0.7 என்று வந்தது. அதைக் கொண்டு தனியார் கிளினிக் ஒன்றில் சனல் பண்ணிப் போனால் (பெயர் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன்) ரிப்போட்டைப் பார்த்த கையோடு “முட்டை முடியப்போகுது, சூலகத்துக்குள்ளே வளர்ச்சிக் காரணி ஊசி போட்டால் புது முட்டை வளரும்” என்று சொல்லி ஒரு துண்டுப்பிரசுரமும் கையில் தந்துவிட்டார்கள். பி.ஆர்.பி என்று பெயராம். நம்முடைய இரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, அதில் குருதிச் சிறுதட்டுகள் செறிந்த பகுதியைப் பிரித்து, ஊசியால் சூலகத்துக்குள் விடுவார்களாம். விலையைக் கேட்டதும் இவர் பேசாமல் எழும்பி வெளியே போய்விட்டார், நான்தான் மிச்சத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

போடவா விடவா என்று உங்களிடம் கேட்கவில்லை. வளர்ச்சிக் காரணி என்றால் என்ன, அது சூலகத்தில் உண்மையாகவே இருக்கிற விஷயமா, புது முட்டை என்று ஒன்று வருமா, இவ்வளவுதான் என் கேள்வி. படித்தவர்கள் யாராவது விளங்கிற மாதிரிச் சொல்லுங்கோ. கூகிளில் தேடினால் பாதி விளம்பரம், மீதி பயமுறுத்தல்.

கொட்டாஞ்சேனை_அன்ரி எழுதியது:

பிள்ளை, முதலில் மனதைப் போட்டு உழப்பாதே. 36 எல்லாம் ஒரு வயதே இல்லை. என் தங்கச்சிக்கு 39இல் மகள் பிறந்தது, இப்ப அந்தப் பிள்ளை கம்பஸ் போகுது. எள்ளு, உளுந்து, முருங்கையிலை, முட்டை நல்லாச் சாப்பிடு. ஊசிக்காரரிடம் ஓடாதே.

நுண்நோக்கி எழுதியது:

தங்கச்சி, வளர்ச்சிக் காரணிகள் உண்மையானவை. சூலகத்தில் அவை இல்லாமல் ஒரு முட்டைகூட வளர்ந்து மேலே வராது. ஆனால் “புது முட்டை” என்று உங்களிடம் சொன்னது சரியில்லை. நான் சில காலம் வெளிநாட்டு ஆய்வுகூடமொன்றில் சூலகத் திசுவோடு வேலை செய்த ஆள், இப்போது கொழும்பில் படிப்பிக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பெண்ணுக்கு வாழ்நாளில் அதிகமான முட்டைக் கலங்கள் இருப்பது அவள் தாயின் வயிற்றில் 20 வாரச் சிசுவாக இருக்கும்போது, 60 முதல் 70 இலட்சம் வரை. பிறக்கும்போதே அது 10 முதல் 20 இலட்சமாகக் குறைந்துவிடும். பெரியபிள்ளையாகிற வயதில் 3 அல்லது 4 இலட்சம். மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஆயிரமளவு. இவ்வளவிலும் உண்மையில் சூலகத்தை விட்டு வெளியே வருகிறவை 400, 450 வரைதான், மற்றதெல்லாம் வழியிலேயே அழிந்துபோகும். பிறந்தபின் புது முட்டைகள் உருவாவதில்லை என்பதை 1951இலேயே சக்கர்மன் என்ற ஆய்வாளர் வலுவாக எடுத்துவைத்தார், 1963இல் பேக்கர் மனிதச் சூலகங்களில் எண்ணிக் காட்டினார். 2004இல் எலிகளை வைத்து வந்த ஓர் ஆய்வு இதை மறுத்துப் பெரிய சர்ச்சை கிளப்பியது, இருபது வருடம் கழிந்தும் வளர்ந்த பெண்ணின் சூலகம் தானாகப் புது முட்டை செய்து அதிலிருந்து ஒரு பிள்ளை பிறந்ததாக யாரும் காட்டவில்லை.

அப்போ வளர்ச்சிக் காரணி எதை வளர்க்கிறது? தூங்குகிறதை. ஒவ்வொரு முட்டையும் தனியாக இருப்பதில்லை, சுற்றிவரக் கலங்களால் ஆன ஓர் உறை இருக்கும், அந்த முழுத்தொகுதிக்கும் பொலிக்கிள் என்று பெயர். ஆரம்பநிலைப் பொலிக்கிளில் அந்த உறை ஒரே ஒரு வரிசை, அதுவும் தட்டையான கலங்கள். உள்ளே இருக்கும் முட்டை தன் நிறமூர்த்தங்களைச் சோடி சேர்த்தபடி பிரிவின் நடுவில் அப்படியே நின்றுபோயிருக்கும், பிறப்பதற்கு முன்பிருந்தே. உங்களுக்கு 36 என்றால் அந்த முட்டைக்கும் 36, கொஞ்சம் கூடவும் சொல்லலாம். மொத்தப் பருமன் 0.04 மி.மீ அளவு. ஸ்கானில் தெரிகிற பொலிக்கிள் 2 மி.மீக்கு மேற்பட்டவை, ஆகவே இந்தத் தூங்குகிற கூட்டத்தை எந்த ஸ்கானும் உங்களுக்குக் காட்டாது.

ஒவ்வொரு நாளும் இவற்றில் சில விழிக்கின்றன. விழித்ததும் தட்டைக் கலங்கள் கனவடிவமாக மாறிப் பெருகத் தொடங்கும், முட்டை பருக்கும், அதைச் சுற்றிக் கண்ணாடி போன்ற ஒரு மென்படை உண்டாகும். அப்புறம் இரண்டு வரிசை, மூன்று வரிசை, வெளியே இன்னொரு கலப்படை, அதற்குள் இரத்தக் குழாய்கள். கடைசியில்தான் நடுவில் திரவம் தேங்கி, ஸ்கானில் கறுப்பு வட்டமாகத் தெரியும். எலியில் இது மூன்று கிழமையில் முடியும். மனிதரில் பல மாதங்கள். திரவம் தேங்கத் தொடங்கும் கட்டத்திலிருந்து முட்டை வெளியேறும்வரை மட்டுமே ஏறத்தாழ 85 நாள், பிரான்சில் கூஜோன் கணக்கிட்டது. விளம்பரத்தில் “ஒரே மாதத்தில் பலன்” என்று போட்டிருந்தால் அந்த ஒரு மாதத்தில் வளர்ந்தது ஏற்கெனவே எப்போதோ விழித்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகப்பேர்வழி எழுதியது:

நல்ல விளக்கம் அக்கா. ஒரு கேள்வி, நான் பொறியியல் ஆள், உயிரியல் ஓ.எல்லோடு சரி. பெண்களுக்கு மாதாமாதம் வேலை நடத்துவது எப்.எஸ்.எச் என்ற ஓமோன் என்றுதானே படித்தோம்? சோதனைக்குழாய்ச் சிகிச்சையில் ஊசியாகப் போடுவதும் அதுதானே? பிறகு இந்த வளர்ச்சிக் காரணிகள் எங்கே வருகின்றன? கூடவே இன்னொன்று, என் மனைவி பல வருடம் கருத்தடை மாத்திரை எடுத்தவர், முட்டை வெளியேறாத காலத்தில் முட்டைகள் மிச்சம் பிடிபட்டிருக்கும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். உண்மையா?

நுண்நோக்கி எழுதியது:

இரண்டு கேள்விக்கும் ஒரே பதில், அதனால்தான் இந்தக் கேள்வி எனக்குப் பிடித்தது. எப்.எஸ்.எச் கடைசிக் கட்டத்து ஆள். பொலிக்கிள் சில மில்லிமீற்றர் வளர்ந்தபிறகுதான் அது இல்லாமல் பிழைக்க முடியாத நிலை வருகிறது. அதற்கு முந்திய மாதங்கள் எல்லாம் மூளையிலிருந்து வரும் ஓமோனைப் பெரிதாக எதிர்பாராமல், சூலகத்துக்குள்ளேயே பக்கத்துப் பக்கத்துக் கலங்கள் சுரந்து ஒன்றுக்கொன்று அனுப்பும் புரதங்களால் நடக்கிறது. அந்தப் புரதங்கள்தான் வளர்ச்சிக் காரணிகள். பின்லாந்தில், எப்.எஸ்.எச்சைப் பிடித்துக்கொள்ளும் ‘வாங்கி’ என்ற புரதம் வேலை செய்யாத பெண்கள் சிலர் இருக்கிறார்கள், பரம்பரை விகாரம், 1995இல் கண்டுபிடித்தார்கள். அவர்களுடைய சூலகத்தைப் பார்த்தால் தூங்கும் பொலிக்கிள் இருக்கிறது, சில விழித்து முதல் படிகளைத் தாண்டியும் இருக்கிறது, அதற்குமேல் போகவில்லை. ஆரம்பம் எப்.எஸ்.எச் இல்லாமல் நடக்கும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று மனிதரில் கிடைப்பது கஷ்டம்.

ஆகவே மாத்திரை எடுத்த வருடங்களில் முட்டை வெளியேறுவதுதான் நின்றிருக்கும். விழிப்பதும் அழிவதும் நிற்கவில்லை. மிச்சம் பிடிபடாது. மாறாக மாத்திரை எடுக்கும்போது ஏ.எம்.எச் அளந்தால் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும், நிறுத்திச் சில மாதம் விட்டு அளக்கவேண்டும். கடலோர_வீடு, நீங்கள் பரிசோதனைக்கு முன் ஏதாவது ஓமோன் மாத்திரை எடுத்தீர்களா?

சரி, அந்தப் புரதங்கள். எல்லாவற்றையும் அடுக்கினால் பாடப்புத்தகம் ஆகிவிடும். முக்கியமானது இதுதான்: உறைக் கலங்கள் முட்டைக்கு ஒரு சமிக்ஞை அனுப்புகின்றன, முட்டை திரும்ப அவற்றுக்கு அனுப்புகிறது. உறைக் கலங்களிலிருந்து போவதில் பெயர்பெற்றது கிட் லிகண்ட், அது முட்டையின் மேற்பரப்பில் உள்ள கிட் வாங்கியில் போய் ஒட்டி, உள்ளே பி.ஐ.3 கைனேஸ் என்ற பாதையைத் தூண்டி, முட்டையைத் தூங்கவைத்திருக்கும் பொக்சோ-3 என்ற புரதத்தைக் முட்டைக் கலத்தின் கருவுக்கு (நியூக்கிளியஸ்) வெளியே தள்ளிவிடும், முட்டை வளரத் தொடங்கும். இந்த விவரம் பெரும்பாலும் எலியில் பார்த்தது.

திரும்பிப் போகிறது ஜி.டி.எப்-9, பி.எம்.பி-15 என்ற இரண்டு. இவை முட்டையே சுரப்பவை. முன்பெல்லாம் முட்டை சும்மா உட்கார்ந்திருக்கும், சுற்றியுள்ள கலங்கள்தான் அதைப் போசித்து வளர்க்கும் என்று நினைத்தார்கள். 1996இல் அமெரிக்காவில் ஜி.டி.எப்-9 இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். உறை ஒரே வரிசையோடு நின்றுபோனது, எலிகள் மலடு. முட்டைதான் தன்னைச் சுற்றியுள்ள கலங்களை “பெருகு” என்று ஏவுகிறது என்பது அப்போதுதான் தெளிவானது. மனிதரிலும் இது பார்த்தார்கள். சுவீடனில் ஹோவாட்டாவின் குழு 2002இல், பெண்களிடமிருந்து எடுத்த சூலகத் துண்டுகளைக் கிண்ணத்தில் வளர்த்து ஜி.டி.எப்-9 சேர்த்தபோது கூடுதலான பொலிக்கிள் அடுத்த படிக்குப் போனது, கூடுதலாக உயிர் தப்பியது.

பி.எம்.பி-15இன் கதை செம்மறியாட்டில். நியூசிலாந்தில் இன்வர்டேல் என்று ஒரு பரம்பரை. அந்தப் பரம்பரையலகில் ஒரு பிரதி பழுது என்றால் ஆட்டுக்கு வழமையை விடக் கூடுதலாக முட்டை வெளியேறும், இரட்டைக் குட்டிகள் போடும், பண்ணைக்காரருக்குக் கொண்டாட்டம். இரண்டு பிரதியும் பழுது என்றால் சூலகம் வெறும் நார் மாதிரி, முழு மலடு. காரணம் 2000இல் தெரிந்தது. 2004இல் இத்தாலியில் சூலகம் வேலை செய்யாத இரண்டு சகோதரிகளிடம் அதே பி.எம்.பி-15இல் விகாரம் கண்டார்கள். இதைத்தான் நான் மாணவர்களுக்கு எப்போதும் சொல்வது: வளர்ச்சிக் காரணி என்ற பெயரைக் கேட்டு “கூடினால் நல்லது” என்று நினைக்காதீர்கள், அளவும் நேரமும்தான் விஷயம்.

ஏஎல்_பயோ எழுதியது:

அக்கா இதில் ஏ.எம்.எச் எங்கே வருது? ரியூசனில் ஆண் சிசுவில் முல்லேரியன் கானை (பெண்ணில் கருப்பையாக வளர்கிற குழாய்) அழிக்கிற ஓமோன் என்றுதான் சொல்லித்தந்தது. பெண்ணில் ஏன் அளக்கிறார்கள்?

நுண்நோக்கி எழுதியது:

தம்பி, அதே ஓமோன்தான், வேறு வேலை. வளர்ந்துகொண்டிருக்கும் சின்னப் பொலிக்கிள்களின் உறைக் கலங்கள் அதைச் சுரக்கின்றன. தூங்குபவை சுரப்பதில்லை, மிகப் பெரிதானவையும் அனேகமாக நிறுத்திவிடும். எலியில் அது தூங்குபவற்றை “இப்போ எழும்பாதே” என்று அடக்கிவைக்கிறது, ஏ.எம்.எச் இல்லாத எலிகளின் இருப்பு வேகமாகக் கரைகிறது என்று நெதர்லாந்தில் 1999இல் காட்டினார்கள். அதுவும் ஜி.டி.எப்-9, பி.எம்.பி-15 எல்லாம் டி.ஜி.எப்-பீட்டா என்ற ஒரே பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒரே குடும்பத்தில் தள்ளிவிடுகிறவரும் இருக்கிறார், மறிக்கிறவரும் இருக்கிறார்.

இரத்தத்தில் ஏ.எம்.எச் அளப்பது, இப்போது எத்தனை சின்னப் பொலிக்கிள் வளர்ந்துகொண்டிருக்கின்றன என்பதை மறைமுகமாகச் சொல்லும். அதை வைத்துத் தூங்குபவை எவ்வளவு என்று ஊகிக்கிறோம். முட்டையின் தரத்தை அது சொல்லாது.

தெஹிவளைவாசி எழுதியது:

நீங்கள் எல்லாரும் ஆராய்ச்சி பேசுகிறீர்கள், நான் நடந்ததைச் சொல்கிறேன். என் மச்சாளுக்கு இதே பி.ஆர்.பி ஊசி சென்னையில் போட்டார்கள். மாதவிடாய் ஒழுங்கில்லாமல், சூலகம் நின்றுபோகுது என்று சொன்ன ஆள். ஊசி போட்டு நாலு மாதத்தில் இயற்கையாகவே தங்கியது, பிள்ளைக்கு இப்போ இரண்டு வயது. இதற்கு என்ன சொல்லப்போகிறீர்கள்? எதையும் எதிர்ப்பதே நம்ம ஆட்களுக்கு வேலை.

வார்ட்_ஒன்பது எழுதியது:

முதலில் பிள்ளைக்கும் தாய்க்கும் வாழ்த்து. நான் மகப்பேற்றுப் பிரிவில் வேலை செய்கிறேன், எதிர்ப்பதற்கு எனக்குக் காரணம் ஒன்றும் இல்லை, வேலை செய்கிற ஒரு சிகிச்சை கிடைத்தால் முதலில் சந்தோசப்படுவது நாங்கள்தான். ஆனால் 40 வயதுக்கு முன் சூலகம் செயலிழக்கிறது என்று சொல்லப்பட்ட பெண்களிலேயே 5 முதல் 10 சதவீதம் பேர் எந்தச் சிகிச்சையும் இல்லாமல் கர்ப்பமாகிறார்கள். அந்த நிலையில் சூலகம் ஒரேயடியாக நிற்பதில்லை, சில மாதம் ஓடும், சில மாதம் நிற்கும். ஊசி போட்ட பிறகு கர்ப்பமானவரின் கதை நமக்கு வருகிறது, ஊசி போட்டும் வராதவர் யாரும் சொல்வதில்லை, ஊசி போடாமலே வந்தவரிடம் யாரும் கேட்பதில்லை. ஊசி போட்ட குழுவையும் போடாத குழுவையும் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடாமல் இதைச் சொல்லமுடியாது.

அப்படிப் பிரித்துச் செய்த ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவில், 38 வயதுக்குக் கீழே, சோதனைக்குழாய்ச் சிகிச்சையில் முட்டை குறைவாக வந்த பெண்களில், ஒரு பகுதியினருக்கு மட்டும் சூலகத்தில் பி.ஆர்.பி விட்டுப் பார்த்தார்கள். 2024இல் வந்த முடிவில் முதிர்ந்த முட்டைகளின் எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை. வேறு இடங்களில் வந்த நல்ல செய்திகள் பெரும்பாலும் ஒப்பீட்டுக் குழு இல்லாதவை. ஊசி என்பதும் சும்மா இல்லை, யோனிவழி ஊசி சூலகத்துக்குள் போகிறது, இரத்தக்கசிவு, தொற்று என்று எந்த ஊசிக்கும் உள்ள ஆபத்து இதற்கும் உண்டு.

கடலோர_வீடு, ஏ.எம்.எச் பற்றி இதையும் கேளுங்கள். 30 முதல் 44 வயதுவரை, மலட்டுத்தன்மை என்று முன்பு எதுவும் சொல்லப்படாத பெண்களை அமெரிக்காவில் பின்தொடர்ந்து 2017இல் வெளியிட்டார்கள். ஏ.எம்.எச் 0.7க்குக் குறைவாக இருந்தவர்களும் மற்றவர்கள் மாதிரியே கர்ப்பமானார்கள். சோதனைக்குழாய்ச் சிகிச்சையில் ஓமோன் ஊசி போட்டு முட்டை எடுக்கும்போது எத்தனை கிடைக்கும் என்பதற்கு அந்த எண் உதவும். இயற்கையாகத் தங்குமா இல்லையா என்பதற்கு அது சோதிடம் சொல்லாது. நீங்கள் ஒரு வருடமாக முயற்சி செய்தபடியால் அந்த ஆய்வுப் பெண்களும் நீங்களும் ஒன்று என்று சொல்லமாட்டேன், ஆனால் அந்த ரிப்போட்டை வைத்து “முடியப்போகுது” என்று சொன்னது மிகை.

நுண்நோக்கி எழுதியது:

நான் சொல்ல நினைத்ததில் பாதியை டொக்டர் சொல்லிவிட்டார். மீதி இது.

பி.ஆர்.பியில் வளர்ச்சிக் காரணிகள் இருக்கின்றன, அது பொய் இல்லை. குருதிச் சிறுதட்டுகளுக்குள் பி.டி.ஜி.எப், வி.ஈ.ஜி.எப், டி.ஜி.எப்-பீட்டா, ஐ.ஜி.எப்-1 எல்லாம் உண்டு. அவற்றின் வேலை காயம் ஆற்றுவது, குழாய் முளைக்க வைப்பது. முட்டை தானே சுரந்து தன் உறைக்கு அனுப்புகிற அந்த ஜி.டி.எப்-9, பி.எம்.பி-15 சோடியின் இடத்தை இந்தக் கலவை பிடிக்காது. சூலகத்தில் அந்தப் புரதம் எந்தக் கலத்திலிருந்து, எந்தப் பக்கமாக, எந்தக் கட்டத்தில் வருகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது, ஒரு குப்பி கலவையை நடுவில் விட்டால் அந்த ஒழுங்கு எப்படி வரும்?

சரி, எப்படியாவது தூங்குபவற்றை எழுப்பிவிட்டோம் என்றே வைப்போம். என்ன நடக்கும்? முட்டையில் மட்டும் பி-டென் என்ற தடைப் புரதத்தை நீக்கிய எலிகளைச் சுவீடனில் 2008இல் ஆராய்ந்தார்கள். அத்தனை பொலிக்கிளும் ஒரேயடியாக விழித்தன. விழித்தவை தாக்குப்பிடிக்காமல் அழிந்து, இளம் வயதிலேயே சூலகம் வெறுமையானது. எடின்பரோவில் டெல்ஃபரின் குழு 2014இல் மனிதச் சூலகத் துண்டுகளில் அதே பி-டென்னை மருந்தால் மறித்துப் பார்த்தது. எதிர்பார்த்தபடி கூடுதலாக விழித்தன, ஆனால் விழித்து வளர்ந்தவை ஆரோக்கியமாக வளரவில்லை. எனக்கு இந்தத் துறையிலேயே முக்கியமான முடிவு இதுதான் என்று படும், விளம்பரக்காரர் யாரும் இதைத் தொடமாட்டார்கள்.

நியாயமாகச் சொன்னால் எழுப்புகிற முறை ஒன்று பலித்தும் இருக்கிறது. ஜப்பானில் கவமுரா, அமெரிக்காவில் ஷூ, இருவரும் சேர்ந்து 2013இல். சூலகம் செயலிழந்த 27 பெண்களிடம் சூலகத்தைச் சத்திரசிகிச்சையில் எடுத்து, சிறு துண்டுகளாக வெட்டி, மருந்தில் வைத்து, திரும்ப உள்ளே வைத்தார்கள். துண்டாக வெட்டுவதே ஒரு தூண்டல், ஏனென்றால் சூலகத்தின் வெளிப்படை இறுக்கமான நார், அந்த இறுக்கம்தான் ஹிப்போ என்ற பாதை வழியாக வளர்ச்சியைக் கட்டிவைக்கிறது. 27 பேரில் 5 பேரிடம் முட்டை எடுக்க முடிந்தது, அந்த அறிக்கை வந்தபோது ஒரு பிள்ளை பிறந்திருந்தது. ஒரு பிள்ளை என்றாலும் அந்தத் தாய்க்கு அது முழு உலகம், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் வேறு வழியே இல்லாத பெண்கள், உங்களுக்கு மாதவிடாய் ஒழுங்காக வருகிறது என்றால் நீங்கள் அந்த வரிசையில் இல்லை.

கொட்டாஞ்சேனை_அன்ரி எழுதியது:

எனக்கு இந்த எழுத்தும் இலக்கமும் ஒன்றும் பிடிபடவில்லை, ஆனால் விளங்கியதைச் சொல்லட்டா? வீட்டில் விதைநெல் ஒரு மூட்டை. தண்ணி தெளித்தால் முளைக்கும்தான். மூட்டை நிறையாது. முழு மூட்டையையும் ஒரே நாளில் நனைத்தால் அடுத்த போகத்துக்கு ஒன்றும் இல்லை. இதுதானே?

நுண்நோக்கி எழுதியது:

அன்ரி, நான் இவ்வளவு நேரம் எழுதியதை நாலு வரியில் முடித்துவிட்டீர்கள். அதேதான். அந்த மூட்டை எப்படிக் குறைகிறது என்று கேட்டால், ஸ்கொட்லாந்தில் 2010இல் 325 சூலகங்களின் எண்ணிக்கைகளைத் தொகுத்துப் போட்ட கணக்கில், பெரும்பாலான பெண்களுக்கு 30 வயதில் மிஞ்சுவது பிறப்புக்கு முந்திய உச்சத்தின் 12 சதவீதம், 40இல் 3 சதவீதம். அதிகமாக விழிப்பது 14 வயதளவில். குறைவது இயல்பு, எல்லாருக்கும் குறையும். வேகத்தைக் கூட்டுவதில் நிச்சயமான ஒன்று புகைத்தல், மாதவிடாய் நிற்பதை ஒன்றிரண்டு வருடம் முன்னுக்குக் கொண்டுவரும். சில புற்றுநோய் மருந்துகள் அதைவிட மோசம்.

மல்லிகை22 எழுதியது:

நான் எதிர்ப்பக்கம். எனக்கு பி.சி.ஓ.எஸ் (முட்டை ஒழுங்காக வெளியேறாத சூலகப் பிரச்சினை), ஏ.எம்.எச் 9க்கு மேல். அப்படியென்றால் என்னிடம் முட்டை நிறைய இருக்கு என்று சந்தோசப்படலாமா? அம்மா “கட்டி நிறைய இருக்காம்” என்று சொந்தக்காரர் எல்லாருக்கும் சொல்லி அழுதுகொண்டிருக்கிறா.

நுண்நோக்கி எழுதியது:

அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள், அது கட்டி இல்லை. ஸ்கானில் மாலைபோலத் தெரிபவை வளர்ந்து பாதியில் நின்ற சின்னப் பொலிக்கிள்கள், பெரும்பாலும் 2 முதல் 9 மி.மீ. ஒவ்வொன்றும் கொஞ்சம் ஏ.எம்.எச் சுரக்கிறது, அதனால் கூட்டுத்தொகை பெரிது. லண்டனில் ஃபிராங்ஸ் குழு 2003இல் பி.சி.ஓ.எஸ் சூலகத் துண்டுகளை நுண்நோக்கியில் பார்த்தபோது, மிக ஆரம்ப நிலையிலேயே, எப்.எஸ்.எச் வருவதற்கு வெகு முன்னாலேயே, வளரத் தொடங்கியவற்றின் பங்கு அதிகமாக இருந்தது. அதாவது பிரச்சினை கடைசிக் கட்டத்தில் மட்டும் இல்லை. வளர்ச்சிக் காரணிகளின் கணக்கு ஆரம்பத்திலேயே மாறியிருக்கிறது, அதோடு ஆண் ஓமோனும் இன்சுலினும் சேர்ந்துகொள்கின்றன. நம்ம தெற்காசியப் பெண்களில் இன்சுலின் சிக்கல் கூடுதல் என்பதால் சீனி, எடை, இரத்த அழுத்தம் எல்லாம் இப்போதே பார்த்துக்கொள்வது நல்லது.

பிள்ளை பெறுவதைப் பற்றி இப்போது பயப்பட வேண்டாம். பி.சி.ஓ.எஸ்ஸில் முட்டை இருக்கிறது, ஒழுங்காக வெளியேறுவதில்லை. அதற்கு மலிவான மாத்திரைகளே இருக்கின்றன, பெரும்பாலானவருக்கு அதுவே போதும்.

சந்தேகப்பேர்வழி எழுதியது:

இவ்வளவு தெரிந்த பிறகு, ஆய்வுகூடத்திலேயே ஆரம்பத்திலிருந்து கடைசிவரை முட்டையை வளர்க்க முடியாதா? அப்படியென்றால் ஊசியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாமே.

நுண்நோக்கி எழுதியது:

முடிந்திருக்கிறது, ஒரு மட்டத்துக்கு. அதே எடின்பரோ குழு 2018இல், சத்திரசிகிச்சைப் பிரசவத்தின்போது பெண்கள் கொடுத்த சிறு திசுத் துண்டுகளிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு படிக்கும் வேறு வேறு வளர்ப்பு ஊடகம், வேறு வேறு காரணிகள் என்று மாற்றிமாற்றிக் கொடுத்து, முதிர்ந்த முட்டைவரை கொண்டுவந்தது. கடைசிப் படியைத் தாண்டியவை கைவிரல்களால் எண்ணக்கூடியவை. அவற்றிலும் பிரியும்போது ஒதுக்கப்படும் துருவவுடல் வழமையை விடப் பெரிதாக இருந்தது, அது நல்ல அறிகுறி இல்லை. யாருக்கும் அதை வைத்துப் பிள்ளை பிறக்கவில்லை, அதற்காகச் செய்ததும் இல்லை.

இதன் பயன் புற்றுநோய் வந்த சின்னப் பிள்ளைகளுக்குத்தான். மருந்து ஏற்றுமுன் சூலகத் துண்டை உறையவைத்து, குணமான பின் திரும்ப வைப்பது இப்போதே நடக்கிறது, முதல் பிள்ளை 2004இல் பெல்ஜியத்தில் பிறந்தது. உறைந்து உயிர் தப்புவதும் இந்தத் தூங்கும் பொலிக்கிள்கள்தான், சின்னதாக, வேலை ஒன்றும் செய்யாமல் இருப்பதால். ஆனால் இரத்தப் புற்றுநோய் என்றால் துண்டோடு நோய்க்கலமும் திரும்பப் போகலாம் என்ற பயம் இருக்கிறது. முட்டையை மட்டும் வெளியே வளர்க்க முடிந்தால் அந்தப் பயம் இல்லை. அந்த நாள் வரட்டும்.

தெஹிவளைவாசி எழுதியது:

சரி, நான் கோபத்தில் எழுதிவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். மச்சாளுக்கு ஊசிதான் பலித்தது என்பதில் எனக்கு இப்பவும் சந்தேகமில்லை. ஆனால் புது முட்டை என்று சொல்லி விற்பது பிழை, அதை ஒத்துக்கொள்கிறேன். அவர்களும் எங்களிடம் அப்படித்தான் சொன்னார்கள்.

கடலோர_வீடு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, இரண்டு தரம் வாசித்தேன். நுண்நோக்கி அக்கா, மாத்திரை ஒன்றும் எடுக்கவில்லை, மாதவிடாய் ஒழுங்காக வருகிறது. டொக்டர், அப்படியென்றால் நான் இப்போது என்ன செய்வது? அந்தக் கிளினிக்கில் ஏ.எம்.எச் தவிர வேறொன்றும் பார்க்கச் சொல்லவில்லை.

வார்ட்_ஒன்பது எழுதியது:

அதுதான் எனக்கு விளங்காதது. 35க்கு மேல் என்றால் ஆறு மாதம் முயற்சித்தும் வராவிட்டாலே இருவரையும் முழுதாகப் பார்க்கவேண்டும், நீங்கள் ஒரு வருடம் தாண்டிவிட்டீர்கள். முட்டை வெளியேறுகிறதா, பலோப்பியன் குழாய்கள் திறந்திருக்கின்றனவா, ஸ்கானில் கருப்பையும் சூலகமும் எப்படி, தைரொயிட் எப்படி. அரச மகளிர் வைத்தியசாலையிலேயே கிளினிக்குக்குக் கடிதம் எடுத்துப் போகலாம், தனியார்தான் என்று இல்லை. 36இல் நேரத்தை வீணாக்கவும் கூடாது, ஊசிக்காகச் செலவழிக்கும் மாதங்களும் நேரம்தான். ஏ.எம்.எச் குறைவு என்பதால் சோதனைக்குழாய் முறைக்குக் கொஞ்சம் முன்கூட்டியே போகவேண்டி வரலாம், அதை அங்கே பேசித் தீர்மானியுங்கள்.

கணவரின் விந்துப் பரிசோதனை ரிப்போட் எப்படி வந்தது?

கடலோர_வீடு எழுதியது:

அது இன்னும் செய்யவில்லை டொக்டர். “எனக்கு ஒன்றும் இல்லை” என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார்.

கொட்டாஞ்சேனை_அன்ரி எழுதியது:

ஓ, அப்படியா விஷயம்! உன் சூலகத்துக்கு ஊசி விலை கேட்கும்வரை வந்தவருக்கு ஒரு போத்தல் கொடுக்க நேரமில்லையாமா? இந்த இழையை அவரிடம் காட்டு.

வார்ட்_ஒன்பது எழுதியது:

அன்ரி சொன்னதை நான் கொஞ்சம் மரியாதையாகச் சொல்கிறேன். மலிவான பரிசோதனை, வலி இல்லை, காரணங்களில் பெரிய பங்கு ஆண் பக்கமும் இருக்கிறது. 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டுக் கொடுக்கவேண்டும். முடிந்தால் ஆய்வுகூடத்திலேயே கொடுப்பது நல்லது, வீட்டிலிருந்து கொண்டுபோனால் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்ச் சேரவேண்டும், கொழும்பு–காலி வீதி நெரிசலில் பின்னேரம் அதை முயற்சிக்காதீர்கள்.